வைக்கம் சத்தியாகிரகம்: ஆவணங்கள் காட்டும் அறப்போர்

முன்னுரை

அறவழிப் போராட்டங்களின் வரலாறு பெரும்பாலும் நினைவுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. போராட்டத்தில் பங்கேற்றோரின் தன்வரலாறுகள், தலைவர்களின் மேடைப் பேச்சுகள், தொண்டர்கள் சொல்லக் கேட்ட செய்திகள் ஆகியவையே அவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாக அமைந்தன. வன்முறையற்ற போராட்டம் எதிராளியின் மனத்தை மாற்றியே வெல்கிறது என்னும் கருத்து உலக அளவில் நிலைபெற்றதற்கு இத்தகைய நினைவுப் பதிவுகளே பெருங்காரணமாயின. ஆனால் அதே போராட்டங்களைப் பற்றி அரசு அலுவலகங்களில் எழுதப்பட்ட கோப்புகளும், காவல்துறை அறிக்கைகளும், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும், கடிதங்களும் பல இடங்களில் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன.

இவ்விருவகைச் சான்றுகளும் முரண்படும் இடத்தில் வரலாற்றாய்வு எதை அளவுகோலாகக் கொள்வது? இவ்வினாவுக்கு விடை தேட 1924 – 1925ஆம் ஆண்டுகளில் திருவிதாங்கூர் நாட்டில் நடைபெற்ற வைக்கம் சத்தியாகிரகம் மிகவும் ஏற்ற களமாகும். ஒரு சிற்றூரில், ஒரு கோயிலைச் சூழ்ந்த சில வீதிகளுக்காக நடைபெற்ற போராட்டம் இது. எனினும் இந்திய அறப்போர் வரலாற்றிலும் உலக அமைதி ஆய்வுகளிலும் இது பெற்றுள்ள இடம் பெரிது. இப்போராட்டத்தைப் பற்றிய ஆவணங்கள், அது குறித்து நிலவிய பொதுக்கருத்தை எவ்வாறு திருத்தியுள்ளன என்பதையும், அவ்வாவணங்களின் எல்லைகள் யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

போராட்டத்தின் பின்னணி

வைக்கம் இன்றைய கேரள மாநிலத்தின் கோட்டயம் மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயலின் கரையில் அமைந்துள்ளது. இங்குள்ள மகாதேவர் கோயில் தொன்மை வாய்ந்த சிவத்தலமாகும். இக்கோயிலைச் சூழ்ந்த நான்கு வீதிகளிலும் ஈழவர், புலையர் முதலிய, அவர்ணர் எனப்பட்ட சாதியினர் நடப்பதற்குத் தடை இருந்தது. அவர்கள் எந்த எல்லை வரையில் வரலாம் என்பதை அறிவிக்கும் 'தீண்டல் பலகைகள்' அவ்வீதிகளின் முனைகளில் நாட்டப்பட்டிருந்தன. அதே வீதிகளில் கிறித்தவரும் இசுலாமியரும் நடந்து சென்றனர் என்பது கருதத்தக்கது.

இத்தடை வெறும் வழக்கத்தால் மட்டும் நிலைபெற்றதன்று. பொதுச்சாலைகள் அனைத்தும் எல்லாச் சாதியினருக்கும் உரியன என்று திருவிதாங்கூர் அரசு 1865இலேயே அறிவித்தது. 1884இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. ஆயின் இவ்வறிவிப்பைச் செயல்படுத்தும் நிலையில், 'இராசவீதி', 'கிராமவீதி' என்னும் பாகுபாடு நீதிமன்ற விளக்கத்தின் வழியாக நுழைந்தது. அறிவிப்பு இராசவீதிகளுக்கே பொருந்தும், கோயிலைச் சூழ்ந்தவை கிராமவீதிகள் என்று கொள்ளப்பட்டமையால், சட்டத்தின் சொற்களில் கிடைத்த உரிமை நடைமுறையில் மறுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் எழுந்த போராட்டம் புதிய உரிமை ஒன்றைக் கேட்கவில்லை. ஏட்டில் ஏற்கெனவே இருந்த உரிமையையே கேட்டது. பழைய அறிவிப்புகளையும் அவற்றுக்குத் தரப்பட்ட விளக்கங்களையும் சேர்த்துப் படிக்கும்போதே இவ்வுண்மை புலப்படுகிறது.

ஈழவர் தலைவர்களுள் ஒருவரும் 'தேசாபிமானி' இதழை நடத்தியவருமான டி.கே. மாதவன் 1921 செப்டம்பரில் திருநெல்வேலியில் காந்தியடிகளைச் சந்தித்து இவ்வுரிமை பற்றிப் பேசினார். 1923 டிசம்பரில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரசு மாநாட்டில் தீண்டாமை ஒழிப்பு பற்றிய தீர்மானம் நிறைவேற அவர் முயற்சியும் துணை நின்றது. அதன் தொடர்ச்சியாகக் கேரள மாநிலக் காங்கிரசுக் குழு 1924 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்தது; கே. கேளப்பன் அதன் அமைப்பாளரானார். வைக்கம் வீதிகளில் நுழைவது என்னும் முடிவு இக்குழுவின் வழியாகவே உருப்பெற்றது.

சத்தியாகிரகத்தின் போக்கு

1924 மார்ச்சு 30ஆம் நாள் காலை மூன்று தொண்டர்கள் தடுக்கப்பட்ட எல்லையை நோக்கி நடந்தனர். குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். காவலர் அவர்களது சாதியைக் கேட்டனர். நாயர் மட்டும் செல்லலாம், ஏனைய இருவரும் செல்லக்கூடாது என்பது அவர்கள் தந்த விடை. தனித்துச் செல்லக் கோவிந்தப் பணிக்கர் மறுத்தார். மூவரும் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். பின்வந்த நாள்களிலும் இவ்வாறே பல சாதியினர் கலந்த சிறு அணிகள் சென்றன. ஏப்ரல் 7ஆம் நாள் டி.கே. மாதவனும் கே.பி. கேசவமேனனும் கைதாயினர்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அரசு தன் அணுகுமுறையை மாற்றிக்கொண்டது. கைதுகளை நிறுத்திவிட்டு வீதிகளின் முனைகளில் தடுப்பு வேலிகளை அமைத்தது. வேலியின் முன் அமர்ந்து தொண்டர்கள் உண்ணா நோன்பு மேற்கொண்டனர். காந்தியடிகள் அதனை ஏற்கவில்லை, நோன்பு கைவிடப்பட்டது. கிறித்தவரான சார்ச்சு சோசப் தலைமையேற்க முன்வந்தபோது, இது இந்துக்கள் தாமே கழுவாய் தேடவேண்டிய பாவம் என்று கூறி அவர் விலகி நிற்குமாறு காந்தியடிகள் எழுதினார். எனினும் அதற்குள் சார்ச்சு சோசப் சிறை சென்றார். பஞ்சாபிலிருந்து வந்த அகாலியர் நடத்திய உணவுச்சாலையையும் காந்தியடிகள் மூடச் செய்தார். போராட்டத்தின் நெறியை யார் வரையறுப்பது என்னும் சிக்கல் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டதை இக்கடிதப் போக்குவரத்து காட்டுகிறது.

தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில் அழைப்பு பெற்று ஈ.வெ. ராமசாமி ஏப்ரல் 13ஆம் நாள் வைக்கம் வந்து சேர்ந்தார். மே 22ஆம் நாள் அவருக்கு ஒரு மாத வெறுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையானபின் அவர் ஊர் திரும்பவில்லை. மீண்டும் களத்தில் நின்றார். சூலை 18ஆம் நாள் மறுமுறை கைதாகி நான்கு மாதக் கடுங்காவல் பெற்றுத் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய துணைவியார் நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் வைக்கம் வந்து பெண்களைத் திரட்டினர்.

அவ்வாண்டு சூலையில் கேரளம் முழுவதையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்தமையால் இது இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே வழங்குகிறது. வேலியின் முன் தொண்டர்கள் இடுப்பளவு நீரில் முறை வைத்து நின்றனர். காவலர் படகுகளில் இருந்தவாறு காவல் காத்தனர். ஆகஸ்டு 7ஆம் நாள் மன்னர் மூலம் திருநாள் மறைந்தார். செப்டம்பர் முதல் சேது இலட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பாளரானார். ஆகஸ்டு இறுதியில் சத்தியாகிரகக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அதன்பின் போராட்டம் ஓராண்டுக்கு மேலும் தொடர்ந்து, 1925 நவம்பர் 23ஆம் நாள் 603 நாள்களுக்குப் பின் முடிவுற்றது.

மனமாற்றம் என்னும் விளக்கம்

வைக்கத்தின் புகழ் இந்திய எல்லையைக் கடந்தது. ரிச்சர்டு கிரெக் 1934இல் வெளியிட்ட அகிம்சையின் ஆற்றல் பற்றிய நூலிலும், கிருஷ்ணலால் ஸ்ரீதராணி 1939இல் வெளியிட்ட வன்முறையற்ற போர் பற்றிய நூலிலும் வைக்கம் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. 1958இல் வெளிவந்த சோன் பாண்டுரண்டின் ஆய்வு, தெரிந்தெடுத்த சத்தியாகிரகங்களுள் ஒன்றாக வைக்கத்தை ஆராய்ந்தது. 1973இல் சீன் சார்ப்பு எழுதிய பெருநூலும் எதிராளியின் மனமாற்றத்தால் கிட்டும் வெற்றிக்கு வைக்கத்தைச் சான்று காட்டியது.

இவ்வெழுத்துகளில் வைக்கத்தின் கதை ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்துள்ளது. தொண்டர்கள் அடியையும் வெயிலையும் வெள்ளத்தையும் பொறுத்துக்கொண்டனர். தடுப்பு வேலி அகற்றப்பட்ட பின்னும் எல்லையைத் தாண்டாமல் காத்திருந்தனர். இத்துன்பத்தைக் கண்ட வைதிகர்களின் நெஞ்சம் நெகிழ்ந்தது. அவர்கள் தாமாகவே வழிவிட்டனர் என்பது அக்கதையின் சாரம். பிற நாடுகளின் அமைதி இயக்கத்தினர் அகிம்சையைப் பயின்ற நூல்களுள் இவையும் அடங்கும். ஆகவே இக்கதை தொலைதூர நாடுகளிலும் பாடமாக அமைந்தது எனலாம். ஆனால் இவற்றை எழுதியோருள் எவரும் திருவிதாங்கூர் அரசின் கோப்புகளை அடிப்படையாகக் கொள்ளவில்லை. கேட்ட செய்தியும் படித்த சுருக்கமும் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குக் கைமாறின.

ஆவணங்கள் தரும் சான்று

திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக்காப்பகத்தில் வைக்கம் தொடர்பான கோப்புகள் பேணப்படுகின்றன. மாவட்ட நடுவரின் தடையாணைகள், காவல் ஆணையர் டபிள்யூ.எச். பிட் முதலியோரின் அறிக்கைகள், திவான் டி. இராகவையாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, தந்திகள், விண்ணப்பங்கள் என அவை பலவகைப்படும். இவற்றை விரிவாகப் பயன்படுத்திய முன்னோடி வரலாற்றறிஞர் டி.கே. இரவீந்திரன் ஆவார், அவருடைய நூல் 1975இல் வெளிவந்தது. மேரி எலிசபெத் கிங் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மனமாற்றக் கதையை நேரடியாக மறுத்தது. தமிழில் பழ. அதியமான் பல்வகை ஆவணங்களையும் அக்கால நாளிதழ்களையும் திரட்டி 2020இல் 'வைக்கம் போராட்டம்' என்னும் நூலை எழுதினார்.

ஆவணங்கள் தரும் சான்றுகளுள் மூன்று இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கவை.

முதலாவது, சட்டமன்ற வாக்கெடுப்பு. கோயில் வீதிகள் அனைவருக்கும் திறக்கப்படவேண்டும் என்னும் தீர்மானத்தை என். குமாரன் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். இதற்கு முன்னரே, 1924 நவம்பரில், மன்னத்து பத்மநாபன் தலைமையில் சவர்ணர், அதாவது மேல்சாதியினர், வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு நடைப்பயணமாகச் சென்றனர். தெற்கே நாகர்கோவில் பகுதியிலிருந்து எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றோர் அணி புறப்பட்டது. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட சவர்ணர்கள் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஆட்சிப் பொறுப்பாளரிடம் அளிக்கப்பட்டது. ஆயினும் 1925 பிப்ரவரி 7ஆம் நாள் தீர்மானத்துக்கு ஆதரவாக 21 வாக்குகளும் எதிராக 22 வாக்குகளும் விழுந்தன. ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது.

மேல்சாதியினரில் ஒரு பெரும்பகுதியினர் உரிமையின் பக்கம் நின்றனர் என்பதற்கு அவ்விண்ணப்பமே சான்று. ஆனால் அவர்கள் வைக்கம் கோயிலைத் தம் ஆளுகையில் வைத்திருந்தோர் அல்லர். ஆகவே இதனை எதிராளியின் மனமாற்றம் எனக் கொள்ள இயலாது. பொதுக்கருத்து திரண்டது, அதிகாரம் அசையவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண வாக்கெடுப்பின் எண்ணிக்கையும் விண்ணப்பமும் உதவுகின்றன.

இரண்டாவது, உரையாடல் பதிவு. 1925 மார்ச்சு 9ஆம் நாள் வைக்கம் வந்த காந்தியடிகள், மறுநாள் வைதிகர்களின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியின் இல்லத்திற்குச் சென்று பேசினார். வைசியரான காந்தியடிகளுக்கு வீட்டினுள் இடம் தரப்படவில்லை. புறத்தே அமைந்த பகுதியில் உரையாடல் நிகழ்ந்தது. தீண்டாமைக்கு ஆட்பட்டோர் முற்பிறவி வினையின் பயனையே துய்க்கின்றனர் என வைதிகர் வாதிட்டனர். வினைப்பயனை அளிக்கும் உரிமை மனிதருக்கு ஏது என்ற போக்கில் காந்தியடிகள் விடையிறுத்தார். பின்னர் அவர் மூன்று வழிகளை முன்வைத்தார். சவர்ணரிடையே பொதுவாக்கெடுப்பு நடத்துவது ஒன்று. தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூலின் உண்மைத்தன்மையைக் கற்றறிந்தோர் ஆராய்வது மற்றொன்று. இருதரப்பும் நடுவர்களை அமர்த்தி அவர்தம் தீர்ப்பை ஏற்பது மூன்றாவது. வைதிகர் மூன்றையும் ஏற்கவில்லை.

போராட்டம் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு கடந்த நிலையில், வெள்ளத்தில் தொண்டர்கள் நின்ற காட்சியைக் கண்டபின், காந்தியடிகளே நேரில் வந்து பேசியபோதும் எதிர்த்தரப்பு தன் நிலையினின்று மாறவில்லை. மனமாற்றக் கதையை இவ்வுரையாடல் பதிவு ஒன்றே போதிய அளவு மறுக்கிறது எனலாம். அவ்வில்லம் பிற்காலத்தில் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாக மாறியது. காலம் செய்த இம்மாற்றத்தையும் வைதிகரின் மனமாற்றமாகக் கருதுதல் பொருந்தாது.

மூன்றாவது, காந்தியடிகளுக்கும் பிட்டுக்கும் இடையே 1925 மார்ச்சில் நடந்த கடிதப் போக்குவரத்து. அரசு தடையாணையைத் திரும்பப் பெற்று வேலிகளை அகற்றுவது, தொண்டர்கள் பழைய எல்லையைத் தாண்டாமல் நிற்பது என்னும் உடன்பாடு இதன்வழி உருவாயிற்று. அகிம்சை நூல்கள் பலவும் போற்றும் காட்சி, அதாவது வேலியில்லாத எல்லையில் தொண்டர்கள் தாமாகவே நின்ற காட்சி, இவ்வுடன்பாட்டின் விளைவேயாகும். அதில் அறநெறி இல்லை என்பதன்று. ஆயின் அது காவல் ஆணையருடன் எழுத்தில் பேசி முடிக்கப்பட்ட ஏற்பாடு என்பதைக் கடிதங்கள் தெளிவுபடுத்துகின்றன.

முடிவில் பெற்றது யாது?

1925 நவம்பரில் எட்டப்பட்ட தீர்வின்படி கோயிலின் வடக்கு, தெற்கு, மேற்கு வீதிகள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி சவர்ணருக்கே உரியதாயிற்று. அவர்ணர் சுற்றிச் செல்ல மாற்றுவழி அமைக்கப்பட்டது. முன்னர் அவ்வீதியில் நடமாடிய கிறித்தவரும் இசுலாமியரும் அவ்வுரிமையை இழந்தனர். சமத்துவத்துக்கான போராட்டத்தின் முடிவில், ஒரு வீதியைப் பொறுத்தவரை, தடையே விரிவடைந்தது. நவம்பர் 29ஆம் நாள் வைக்கத்தில் நடைபெற்ற வெற்றி விழாவுக்கு ஈ.வெ. ராமசாமி தலைமை தாங்கினார். எஞ்சிய வீதியும் கோயிலும் அனைவருக்கும் திறக்க 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட கோயில் நுழைவு அறிவிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.

வெற்றி எனப் போற்றப்பட்ட நிகழ்வு உண்மையில் ஒரு சமரசம் என்பதையே ஆவணங்கள் காட்டுகின்றன. இதனால் போராட்டத்தின் பெருமை குறைவதில்லை. நூறாண்டுகளாக அசையாத தடை நான்கில் மூன்று பகுதி அகன்றது சிறிய செயலன்று. ஆனால் அது எவ்வாறு அகன்றது என்பதற்கான விடை மாறுபடுகிறது. நடைப்பயணங்கள், ஒப்பங்கள், சட்டமன்ற விவாதம், நாளிதழ்களின் கண்டனம், வெளியிலிருந்து வந்த ஆளும் பொருளும், ஆட்சி மாற்றம், அரசின் நிர்வாகக் கவலை ஆகியவை சேர்ந்து தந்த அழுத்தமே வீதிகளைத் திறந்தது.

தமிழகத் தொடர்பும் ஆவணங்களும்

வைக்கம் பற்றிய தமிழ் எழுத்துகளில் ஈ.வெ. ராமசாமியின் பங்கே மையமாக அமைந்தது. மலையாள, ஆங்கில எழுத்துகள் சிலவற்றில் அவர் பெயர் ஓரிரு வரிகளில் மறைந்தது. ஒருபுறம் முழுப் பெருமையும் ஒருவருக்கே உரித்தாக்கப்பட்டது; மறுபுறம் உரிய பெருமையும் மறுக்கப்பட்டது. இரண்டையும் நிறுத்துப் பார்க்க ஆவணங்கள் உதவுகின்றன.

இருமுறை கைது செய்யப்பட்டதையும், இரண்டாம் முறை கடுங்காவல் விதிக்கப்பட்டதையும் தண்டனை விவரங்கள் உறுதி செய்கின்றன. வெளியிலிருந்து வந்த ஆதரவின்றி இயக்கம் தளர்ந்திருக்கும் என்னும் மதிப்பீடு அக்காலப் பிரித்தானிய அலுவலர் அறிக்கையில் காணப்படுகிறது. போராட்டத்தை ஒடுக்க விரும்பிய தரப்பின் கூற்று இது. ஆகவே புகழுரை எனத் தள்ளத்தக்கதன்று. ஏனைய சத்தியாகிரகிகள் அரசியல் கைதிகளாக நடத்தப்பட்டபோது ஈ.வெ. ராமசாமி காலில் விலங்குடன் சாதாரணக் கைதிகளோடு வைக்கப்பட்டார் என்பதைக் கேசவமேனன் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். இவ்விடத்தில் நினைவுப் பதிவும் அலுவலகப் பதிவும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அதேவேளையில், போராட்டத்தைத் தொடங்கியோரும் இறுதிவரை ஆசிரமத்தைக் காத்தோரும் மலையாள மண்ணின் தொண்டர்களே என்பதையும் அதே ஆவணங்கள் கூறுகின்றன.

'சுதேசமித்திரன்', திரு.வி.க.வின் 'நவசக்தி', வரதராசுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' ஆகிய இதழ்களும், 'மாத்ருபூமி' முதலிய மலையாள இதழ்களும் வைக்கத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதின. 1925 மே மாதத்தில் 'குடி அரசு' தோன்றியபோது வைக்கம் இன்னும் முடிவுறவில்லை. ஆங்கிலக் கோப்புகளை மட்டும் படிப்பவர் காணும் வைக்கமும், இரு மொழி இதழ்களையும் சேர்த்துப் படிப்பவர் காணும் வைக்கமும் ஒன்றல்ல. தமிழும் மலையாளமும் அறிந்த ஆய்வாளர்க்கு இங்குப் பெரும்பணி உண்டு.

ஆவணங்களின் எல்லை

ஆவணம் என்பதனாலேயே ஒன்று முழு உண்மையாகிவிடாது. வைக்கம் கோப்புகளை எழுதியோர் பெரும்பாலும் போராட்டத்தைத் தடுக்கும் பொறுப்பில் இருந்த அலுவலர்கள். அவர்கள் எண்ணியது கூட்டத்தின் அளவை. கவனித்தது அமைதிக் குலைவை. தலைவர்களின் பெயர்கள் விரிவாகவும் தொண்டர்களின் பெயர்கள் பட்டியலாகவும் பதிவாயின. பெண்களைப் பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு.

தொண்டர்கள் அடைந்த துன்பமும் இவ்வாறே. வைதிகர் தூண்டிய அடியாட்கள் சத்தியாகிரகிகளைத் தாக்கினர். இராமன் இளையது, ஆமச்சாடி தேவன் ஆகியோரின் கண்களில் சுண்ணாம்பு பூசப்பட்டது. சிற்றேடத்து சங்குப்பிள்ளை அடிபட்டதன் விளைவாக உயிர் நீத்தார். இவை அலுவலகக் கோப்பில் சட்டம் ஒழுங்கு நிகழ்வுகளாகச் சுருங்குகின்றன. ஊரார் நினைவிலோ அவையே போராட்டத்தின் உயிர்நாடியாக நிற்கின்றன. ஆமச்சாடி தேவன் புலையர் என்பது கருதத்தக்கது. நாயர் தலைவர்களும் ஈழவத் தலைவர்களும் எழுதியும் பேசியும் தம்மைப் பதிவு செய்தனர். புலையருக்கு அவ்வாய்ப்பு அரிது.

அகிம்சை பற்றிய கருத்து வேறுபாடுகளும் இவ்வகையில் நோக்கத்தக்கவை. நாராயண குரு வைக்கத்துக்கு அண்மையிலிருந்த வெல்லூர் மடத்தை ஆசிரமத்துக்கு அளித்தார். ஆயிரம் ரூபாய் நன்கொடையும் தந்தார். ஆயினும் வேலியின் முன் நனைந்து நிற்பதைவிட அதனைத் தாண்டிச் செல்லலாகாதா என்னும் கருத்துப்பட அவர் கூறியது 1924இல் இதழில் வெளிவந்தது. காந்தியடிகள் அதற்கு 'யங் இந்தியா'வில் மறுமொழி எழுதினார். போராட்டத்தின் பயனை நுகரவேண்டியவர்கள் எவ்வளவு காலம் துன்புற்றுக் காத்திருப்பது என்னும் வினா இவ்விவாதத்தில் அடங்கியுள்ளது. அலுவலகக் கோப்புகளை மட்டும் படித்தால் இவ்விவாதம் தவறிப்போகும். இதழ்களே அதனைக் காத்துத் தந்துள்ளன.

எதிராளியின் நெஞ்சம் நெகிழும்வரை துன்புறுவதே வழி என்னும் கோட்பாடு, துன்பத்தின் சுமையை ஒடுக்கப்பட்டோர் மீதே ஏற்றுகிறது. நெஞ்சம் நெகிழவில்லையெனில் குறை துன்புற்றோரின் தூய்மையில் உள்ளது என்னும் முடிவுக்கும் அது இட்டுச் செல்லக்கூடும். வைக்கத்தை மனமாற்றத்தின் வெற்றி எனத் தவறாகக் கற்பித்ததன் கேடு இதுவேயாம். வன்முறையற்ற போராட்டம் வெல்வதற்கு எதிராளியின் மனமாற்றம் இன்றியமையாததன்று. அமைப்பும் விடாமுயற்சியும் பொது ஆதரவும் பேச்சுவார்த்தையும் வேண்டும் என்பதே கோப்புகள் தரும் பாடம்.

முடிவுரை

வைக்கம் சத்தியாகிரகம் பற்றிய ஆவணங்கள், அப்போராட்டம் மனமாற்றத்தால் வென்றது என்னும் நெடுங்காலக் கருத்தை ஏற்கவில்லை. ஒரு வாக்கில் தோற்ற தீர்மானமும், மூன்று வழிகளையும் மறுத்த வைதிகரின் சொற்களும், காவல் ஆணையருடன் நடந்த கடிதப் போக்குவரத்தும், மூடியே இருந்த கிழக்கு வீதியும் இதற்குச் சான்றுகளாம். அதேவேளையில் 603 நாள்கள் தாக்குதலுக்கு ஆளாகியும் திருப்பித் தாக்காமல் நின்ற தொண்டர்களின் உறுதியை அவ்வாவணங்கள் மறுக்கவுமில்லை. போராட்டத்துக்கு எதிராக நின்ற தரப்பே எழுதிவைத்த ஏடுகளில் அவ்வுறுதி பதிவாகியிருப்பது அதன் மதிப்பைக் கூட்டுகிறது.

2023 முதல் 2025 வரை கேரளமும் தமிழகமும் வைக்கம் நூற்றாண்டைக் கொண்டாடின. வைக்கத்தில் உள்ள பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. நினைவகங்கள் நினைவைப் போற்றுகின்றன. அந்நினைவைச் சரிபார்க்கும் பணி ஆவணங்களுக்கு உரியது. வட்டார அளவில் நடந்த அறப்போர்கள் பலவற்றின் பதிவுகள் நீதிமன்ற அறைகளிலும், பழைய இதழ்த் தொகுதிகளிலும், தொண்டர் குடும்பங்களின் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, அலுவலர் எழுதியதையும் மக்கள் சொன்னதையும் அருகருகே வைத்துப் படித்தால், யார் எதைப் பெற்றனர், யார் அதற்கு விலை கொடுத்தனர் என்பது தெளிவாகும். அத்தெளிவின்மேல் எழுதப்படும் வரலாறே ஆமச்சாடி தேவன் போன்றோருக்குச் செய்யும் நேர்மையான கைம்மாறாக அமையும்.